மாடு பார்க்க ஆள் வேணுமுங்களா?

நடுரோட்டில் நிற்கிறேன். வலது கையில் மாட்டுக் கயிறு. இடுப்பில் அடுத்தவள் குழந்தை. பின்னால், ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு முப்பது சொச்சம் பொடிசுகள். எதிரில் ஒரு வெள்ளை அம்பாசிடர்.

இடம் மண்ணரை. காலம், திருப்பூரில் பனியன் வாங்குகிறவர்கள் விமானம் ஏறி நேரிலேயே வந்து பார்க்கத் தொடங்கியிருந்த காலம். தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. அந்த வருஷம் சாயத் தண்ணீர் எந்த நிறத்தில் ஓடியது என்று கேட்டால் சொல்வேன். பச்சை.

காரின் முன்சீட்டில் எங்கள் முதலாளி நாச்சிமுத்து. பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்தில் இங்கிலீஷ் பேசுவதற்கென்று சம்பளம் வாங்குகிற மெர்ச்சண்டைசர் தம்பி. டிரைவர் ஹாரன் அடித்தார். மாட்டின் பெயர் மயிலை. ஹாரனுக்கெல்லாம் அசைகிற மாடு இல்லை அது. நின்ற இடத்திலேயே வாலைத் தூக்கி, காருக்கு நேர் முன்னால் சாவகாசமாகச் சாணி போட்டது.

வெள்ளைக்காரம்மா கதவைத் திறந்து இறங்கினார். குழந்தைகளைப் பார்த்தார். பத்தடி தள்ளியிருந்த கம்பெனி கேட்டைப் பார்த்தார். மறுபடி குழந்தைகளைப் பார்த்தார். முதலாளியின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த முகம் ஏன் அப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமானால், அட்டைப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அட்டைப் பெட்டிப் பிள்ளைகள்

நான் சேவூர்க்காரி. குழந்தைகள் பள்ளி ஆசிரியைக்கான பயிற்சி முடித்தவள். பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன், காத்திருந்தேன், கடைசியில் அப்பா தோட்ட வேலைக்குப் போய்க் கொண்டுவந்த சோற்றைத் தின்னக் கூச்சமாகிப்போய்த் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். (போன வாரம் இந்தப் பத்தியில் அப்பாவின் கோபத்தைப் பற்றி எழுதியதற்கு என் தங்கை போனில் அரை மணி நேரம் சண்டை போட்டாள். இந்த வாரம் அப்பா இத்தோடு சரி.)

நாச்சிமுத்து முதலாளியின் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, கோணல் பார்த்து, தொங்குகிற நூலை வெட்டி அடுக்க வேண்டும். மேலே எங்கள் கைகள் ஓடிக்கொண்டிருக்கும். மேஜைக்குக் கீழே அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெட்டிக்குள் பனியன் இருக்காது, பிள்ளைகள் இருப்பார்கள்.

ஏற்றுமதிக்கு வந்த பெட்டிகள் அவை. பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு குடை, மேல்நோக்கி ஓர் அம்புக்குறி அச்சடித்திருக்கும். உடையும் பொருள், நனையக் கூடாது, தலைகீழாக வைக்காதே என்று அர்த்தமாம். உள்ளே வெட்டுத்துணிக் குவியலின் மேல் கைக்குழந்தை படுத்திருக்கும். அந்த ஊரில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதி வைத்திருந்த ஒரே அறிவுரை அதுதான்.

பெட்டியில் கிடக்கிறவரை தொல்லையில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்தால் வந்தது வினை. என் பக்கத்து மேஜை பழனியம்மாவின் சின்ன மகள் ராணி ஒருநாள் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு கட்டு லேபிளைச் சப்பிக் கூழாக்கிவிட்டாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். நாளையிலிருந்து குழந்தை உள்ளே வரக் கூடாது என்றார்.

பழனியம்மாவின் புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. மூத்தவள் கலா மூன்றாம் வகுப்பு. காலையில் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ராணியின் காலில் பனியன் துணியைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டி, பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள். கேட்கிறவர்களுக்குப் பதறும். பூட்டிவிட்டு வருகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சாயங்காலம் அவள் போய்த் திறந்தபோது, துணி முறுக்கிக்கொண்டு குழந்தையின் பாதம் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அழுது அழுது தொண்டை கட்டி, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியதாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கால் பிழைத்தது. மூன்றாம் நாள் வேலைக்கு வந்த பழனியம்மா, கம்பெனி வாசலிலேயே என்னை நிறுத்தி, "நாளைல இருந்து கலாவப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திடறனுங்க்கா. அவ பாத்துக்குவா" என்றாள்.

கலாவும் அங்கேதான் நின்றாள். தங்கையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுடன் கம்பெனி வாசல்வரை வந்திருந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "பரீச்ச எழுதீட்டு நின்னுக்கறனேம்மா" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பொதுவாகவே மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு அது மூக்கோடு நிற்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. அதற்குள் ஏதாவது செய்துவிடுகிறேன், அதுவரை கலாவை நிறுத்தாதே, ராணியைப் பக்கத்து வீட்டில் காசு கொடுத்தாவது விடு என்று பழனியம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மரியாதையாக ஒரு போராட்டம்

முதலில் ஒரு குழு அமைத்தோம். "பனியன் கம்பெனிப் பெண் தொழிலாளர் குழந்தைகள் காப்பகக் கோரிக்கைக் குழு." ஆட்களைவிடப் பெயரில் வார்த்தைகள் அதிகம். என்னையும் பழனியம்மாவையும் சேர்த்துக் கைவிரலுக்குள் அடங்கிவிடுவோம். கோரிக்கை ஒன்றே ஒன்று: பிள்ளைகளை விட ஓர் இடம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், எங்கள் வாரக் கூலியில் டீ வடைக் காசுக்கு மேல் ஆகாத கட்டணம்.

முதலாளியைப் பார்க்கப் போனோம். கொங்கு நாட்டு முதலாளியிடம் கோரிக்கை வைத்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். யார் யார் எந்த ஊர் என்று விசாரித்தார். காப்பகம் என்றதும், "நல்ல விசயமுங்க, பாத்துக்கலாமுங்க அம்மிணி" என்றார். நாங்களும் மனம் நிறைந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டிய பிறகுதான் பழனியம்மா கேட்டாள், அவர் முடியாது என்றல்லவா சொன்னார் என்று.

இப்படியே நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் டீ குடித்தோம். டீ நன்றாகவே இருந்தது.

சரி, கோஷம் போடலாம் என்று முடிவாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றோம். அங்கேயும் வந்தது சங்கடம். பிறந்ததிலிருந்து 'ங்க' போடாமல் யாரிடமும் பேசாத பெண்கள் திடீரென்று எப்படிக் கத்துவார்கள்? "வேணுமுங்க வேணுமுங்க, கொழந்தைகளுக்கு எடம் வேணுமுங்க" என்றுதான் வந்தது. பேக்கிங்கில் இருந்த மதுரைக்காரப் பெண் ஒருத்தி தைரியமாக "முதலாளி ஒழிக" என்றாள். எங்கள் கூட்டம் பதறிப்போய், "ஒழிகங்க" என்று திருத்திச் சொன்னது. முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வெயிலில் நிற்க வேண்டாமுங்க என்று சொல்லி மோர் அனுப்பினார். அதையும் குடித்தோம்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

மயிலையின் பங்களா

கம்பெனிக்குப் பின்னால் ஒரு மாட்டுச் சாளை, அதாவது தொழுவம், இருந்தது. அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் முதலாளியின் அப்பா சோளம் விதைத்த பூமி. சோளம் போய்க் கட்டிடம் வந்த பிறகும் ஓடு வேய்ந்த அந்தச் சாளையை மட்டும் இடிக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு மாடு. காங்கேயம் பசு. பால் வற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அது கன்று போட்ட அன்றைக்குத்தான் முதலாளிக்கு முதல் ஏற்றுமதி ஆர்டர் வந்ததாம். சாளையில் மயிலை நிற்கிறவரை ஆர்டர் நிற்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? மயிலைக்கு மின்விசிறி உண்டு. அயர்ன் பண்ணுகிறவர்களுக்குக் கிடையாது. மயிலைக்கு வேளாவேளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் சோளத்தட்டும் உண்டு. மாதம் ஒருமுறை மாட்டு டாக்டர் வருவார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் உண்டு.

அந்த ஆள்தான் எங்கள் அதிர்ஷ்டம். ஒருநாள் அவர் வேலையை விட்டுவிட்டார். அடுத்த தெருக் கம்பெனியில் பண்டல் தூக்கினால் கூலி அதிகமாம். திருப்பூரில் அப்போது எந்த வேலைக்கும் ஆள் கிடைக்கும், மாடு பார்க்க மட்டும் கிடைக்காது. முதலாளியே சாணி அள்ளினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கூடையோடு போவதை ஜன்னல் வழியாகக் கம்பெனியே வேடிக்கை பார்த்தது.

அந்த வாரம் மறுபடி டீ குடிக்கப் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "மயிலைக்குப் பண்றதுல பாதி எங்க கொழந்தைகளுக்குப் பண்ணுனீங்கன்னாப் போதுமுங்க" என்றேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன்.

அவருக்குக் குத்தவே இல்லை. "பாதி போதுமுங்களா?" என்றார்.

"போதுமுங்க."

"அப்பச் செரி. சாளைல பாதிய எடுத்துக்குங்க. மாட்டையும் பாத்துக்குங்க."

சேவூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்த எனக்கு இப்படித்தான் முதல் நியமனம் கிடைத்தது. மாடு பார்க்க.

ஒரு நிபந்தனையும் போட்டார். காப்பகம் என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. இல்லாத காப்பகத்தை எந்த அதிகாரியும் வந்து பார்க்க மாட்டார். இருக்கிறது என்று தெரிந்தால் ஜன்னல் எத்தனை, குழாய் எத்தனை என்று எண்ண வந்துவிடுவார். மற்ற முதலாளிகள் வேறு, இவர் ஊர் வழக்கத்தைக் கெடுக்கிறார் என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே யார் கேட்டாலும் அது மாட்டுச் சாளை, நான் மாடு பார்க்கிறவள், குழந்தைகள் மாட்டை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

மாட்டு டீச்சர்

பாதிச் சாளையைச் சாணி போட்டு மெழுகினோம். சாணிக்குப் பஞ்சமா? வெட்டுத்துணியை அடைத்து மெத்தை தைத்தோம். குறுக்கே ஒரு மூங்கில். இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் மயிலை. மின்விசிறி நடுவில் இருந்ததால் இரண்டு தரப்புக்கும் பொது.

ராணிதான் முதல் குழந்தை. பரீட்சைக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தாள். கலா பரீட்சை எழுதினாள், லீவு விட்டார்கள், பள்ளி திறந்ததும் நாலாம் வகுப்புக்குப் போனாள். பழனியம்மா தினமும் சாளைக்கு வந்து ராணியை விடும்போது, மயிலையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். என் நெற்றியை யாரும் தொடவில்லை என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் பரவி, பக்கத்துக் கம்பெனிப் பெண்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். மூங்கில் மாதத்துக்கு ஒரு முழம் மயிலைப் பக்கம் நகர்ந்தது. வருஷம் திரும்புவதற்குள் மாட்டுக்குத் திரும்பிப் படுக்க இடமில்லை. முகம் சுளிக்காத மாடு. எந்தக் குழந்தை அழுதாலும் தலையைத் திருப்பிப் பார்க்கும். குழந்தையும் அவ்வளவு பெரிய மூக்கைப் பார்த்த ஆச்சரியத்தில் அழுகையை மறந்துவிடும்.

மாட்டு டாக்டர் மாதாமாதம் வருவார் என்றேனே, அந்தத் தெருவுக்குள் காலடி வைத்த ஒரே சர்க்கார் டாக்டர் அவர்தான். ஒவ்வொரு தாயும் அவரிடம் பிள்ளையைக் காட்டினாள். "நான் மாட்டு டாக்டருங்க, நான் பாக்கக் கூடாதுங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு மனம் கேட்காமல் ஓரக்கண்ணால் பார்த்து, இந்தச் சொறியைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்க, இந்த இருமலை நாளைக்கே காட்டுங்க என்பார். மயிலைக்குப் பூச்சி மருந்து கொடுக்கிற மாதம்தான் நாங்களும் பிள்ளைகளைப் பூச்சி மருந்துக்கு அழைத்துப்போவோம். மறக்காமல் இருக்க அது வசதி.

பிள்ளைகளுக்கு நான் மாட்டு டீச்சர். வருகைப் பதிவு கூப்பிட்டால், மாட்டுக்கும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லி அடம் பிடிப்பார்கள். கூப்பிடுவேன். எல்லாரும் சேர்ந்து, "வந்திருக்குதுங்க" என்பார்கள்.

இரண்டு வயதுத் தொழிலாளி

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு பேச்சுக் கிளம்பியது. திருப்பூரில் சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்று. அந்தப் பேச்சில் பொய் இல்லை, டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியைக் கைமடித்துக் கொடுக்கிற பத்து வயதுப் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அதை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊரில் எதை நிறுத்தச் சொன்னாலும் வேறு எதையோ நிறுத்துவார்கள்.

எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அம்மா நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. கம்பெனிப் பக்கம் ஒரு குழந்தை தட்டுப்பட்டால்கூட ஆர்டர் போய்விடும் என்று யாரோ முதலாளியைப் பயமுறுத்திவிட்டார்கள். அவர் சாளைக்கு வந்து, வருத்தத்தோடு, கையைப் பிசைந்துகொண்டு, நாளையிலிருந்து பிள்ளைகள் வேண்டாமுங்க என்றார். நாளைக்கு மட்டுமா என்று கேட்டேன். இல்லீங்க, இனிமேலே வேண்டாமுங்க, அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியாதுங்களே என்றார்.

ராணி அப்போது மயிலையின் வாலைப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் ஓவர்லாக் மிஷின் ஓட்டுவாள் என்று வெள்ளைக்காரம்மா நினைத்துவிடுவாராம்.

மாடு இருக்கலாமா என்று கேட்டேன். அது இருக்கோணுமுங்களே, ஜோசியர் சொல்லியிருக்காருங்களே என்றார்.

பழனியம்மா சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டாள். ராணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "பரவால்லீங்க்கா. கலா நாலாவது வரைக்கும் படிச்சிட்டா. நாளைக்கு நின்னுக்குவா" என்றாள். இதைச் சொல்லிவிட்டு மயிலையின் நெற்றியைத் தொடாமல் போனாள். அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். மறியல் செய்யலாம், மோர் வரும். கெஞ்சலாம், டீ வரும். திடீரென்று ஒன்று புரிந்தது. நான் மாடு பார்க்கிறவள். மாடு பார்க்கிறவளின் வேலை என்ன? மாட்டை மேய்க்க ஓட்டிக்கொண்டு போவது. அதை யார் தப்பென்று சொல்ல முடியும்?

பழனியம்மாவிடமும் மற்றத் தாய்மார்களிடமும் போய், நாளைக்கு ஒருநாள் மட்டும் வழக்கம்போலப் பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள் என்றேன். கலா ஒருநாள் கழித்து நின்றுகொள்ளட்டும்.

மறுநாள் காலை எல்லாரும் வந்ததும் மயிலையை அவிழ்த்தேன். சாளை பிள்ளைகளுக்கு இல்லையென்றால் மாட்டுக்கும் இல்லை. அதைப் பழனியம்மாவின் லைன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டுவது, பிள்ளைகளுக்கு இடம் என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லும்வரை அவிழ்ப்பதில்லை, இவ்வளவுதான் திட்டம். மாட்டை நான் அவிழ்த்ததும் பிள்ளைகள் அவர்களாகவே வரிசை கட்டிப் பின்னால் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மயிலை போகிற இடம்தான் பள்ளிக்கூடம்.

மத்தியானம் வர வேண்டிய பையர் அம்மா காலையிலேயே வந்துவிட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் அம்பாசிடர் எதிரில் வந்துவிட்டது.

காத்தாலயே கறந்தாச்சுங்க

இப்போது அந்த முகம் உங்களுக்குப் புரியும்.

வெள்ளைக்காரம்மா கடுகடுவென்று ஏதோ கேட்டார். இந்தக் குழந்தைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறார் என்றார் மெர்ச்சண்டைசர் தம்பி. முதலாளிக்கு வியர்வை ஒழுகியது. பிள்ளைகளைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த வார்த்தை வாயில் வரக் கூடாது என்று எனக்கு நிபந்தனை போட்டாரோ, அது அவர் வாயிலேயே வந்தது.

"காப்பகமுங்கன்னு சொல்லு கண்ணு. நம்ம கம்பெனிக் காப்பகம்."

அந்தம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. மாடு எதற்கு என்று அடுத்த கேள்வி.

"கொழந்தைகளுக்குப் பால் வேணுமில்லீங்களா" என்றார் முதலாளி. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். அந்தம்மாவுக்குக் கேழ்வரகும் தெரியாது, காங்கேயம் மாட்டின் வற்றிய மடியும் தெரியாது. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துச் சந்தோஷப்பட்டார். பார்க்க வேண்டும் என்றார்.

ஊர்வலம் திரும்பியது. முன்னால் மயிலை, அப்புறம் பிள்ளைகள், அவர்களில் இருவர் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரம்மா, அவர் பின்னால் முதலாளி, கடைசியில் முதல் கியரிலேயே ஊர்ந்து வந்த அம்பாசிடர். செக்கிங் பெண்களெல்லாம் சாளை வாசலில் கூடிவிட்டார்கள்.

மெத்தை, மூங்கில், மின்விசிறி எல்லாம் பார்த்துவிட்டு, பால் கறப்பதைப் பார்க்க வேண்டும் என்றார் அந்தம்மா. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். மனிதர் உண்மையாகவே உட்காரப் போனார். அப்போது கூட்டத்திலிருந்து பழனியம்மாவின் குரல் வந்தது.

"காத்தாலயே கறந்தாச்சுங்க."

இது மொழிபெயர்க்கப்பட்டது. அந்தம்மாவும் தலையாட்டினார். ஆனால் ஆர்வம் அடங்கவில்லை, குழந்தைகள் குடித்தார்களா என்று கேட்டார். மெர்ச்சண்டைசர் தம்பி குனிந்து, "கண்ணுகளா, பால் குடிச்சீங்களா?" என்றார்.

நான் நன்றாக வளர்த்த பிள்ளைகள். எல்லாரும் ஒரே குரலில், மரியாதையாக, "இல்லீங்க" என்றார்கள்.

தம்பி இங்கிலீஷில் கொஞ்சம் நீளமாகவே சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். இன்னும் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று சொன்னாராம். படித்த பிள்ளை படித்த பிள்ளைதான்.

உடனே கொடுங்கள் என்றார் அந்தம்மா. டீக்கடை மாஸ்டர் பாய்லரிலிருந்த பாலைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்றைக்கு மண்ணரையில் யாருக்கும் டீ இல்லை. சர்க்கரை போட்ட, ஆடை மிதக்கிற பால். ராணி முகத்தையே டம்ளருக்குள் விட்டுக் குடித்தாள். வெள்ளைக்காரம்மா மயிலையைத் தடவிக் கொடுத்து அதற்கு நன்றி சொன்னார். மயிலை அதை ஏற்றுக்கொண்டது.

போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் அவருடைய ஆள் ஒருவர் இருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது வந்து, பிள்ளைகள் இருக்கிறார்களா, பால் குடிக்கிறார்களா என்று பார்ப்பார்.

சாயங்காலம் முதலாளி தனியாக வந்தார். மூங்கிலில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க டீச்சர், மாட்ட ரோட்டுக்கு ஓட்டீட்டுப் போனது நாயமுங்களா?"

அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மேய்க்கத்தானுங்க ஓட்டீட்டுப் போனேன்."

"ரோட்டுல புல்லா மொளச்சிருக்குது?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லுங்க, ஒரு கறவை மாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். கலா அன்றைக்கு ஒருநாள்கூட லீவு போடவில்லை.

ஊரெல்லாம் மாடு

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நாகரிகமாக முடித்திருப்பேன். திருப்பூர் விடவில்லை.

அந்த வருஷம் நாச்சிமுத்து முதலாளிக்கு ஆர்டர் குவிந்தது. என்ன காரணம் என்று மற்ற முதலாளிகள் ஆராய்ந்தார்கள். பையர் அம்மா காரை விட்டு இறங்கிய கதையும், அவர் மாட்டைத் தடவிக் கொடுத்த கதையும் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நியாயமாக என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? காப்பகம் வைத்தால் நல்லது என்றுதானே? அவர்கள் காங்கேயம் சந்தைக்குப் போய் மாடு வாங்கி வந்தார்கள்.

நம்பாவிட்டால் போங்கள். கம்பெனிக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், ஓர் இடத்தில் பேக்கிங் செக்ஷனுக்குள்ளேயே மாடு கட்டினார்கள். அது ஷிப்மென்ட்டுக்கு வைத்திருந்த பனியனில் நாலைந்தைத் தின்றுவிட்டது. எங்கள் கோரிக்கைக் குழு இத்தனை காலம் கத்தியதற்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி, திருப்பூரில் மாடுகளின் எண்ணிக்கை கூடியதுதான்.

எனக்கு ஒருநாள் முழுக்க வயிற்றெரிச்சல். அடுத்த நாள் பழனியம்மாதான் சொன்னாள்: மாட்டை வாங்கிட்டாங்க, பாக்கறதுக்கு ஆளு?

அன்றிலிருந்து எங்கள் கோஷம் மாறியது. கேட்டில் நின்று கத்தவில்லை. நேராக உள்ளே போய், டீ குடித்துவிட்டு, "மாடு பாக்க ஆள் வேணுமுங்களா?" என்று கேட்டோம். வேணுமுங்க வேணுமுங்க என்று இந்தத் தடவை அவர்கள் சொன்னார்கள். எங்கள் நிபந்தனை: பாதிச் சாளை, ஒரு மின்விசிறி, குறுக்கே ஒரு மூங்கில். எல்லாரும் சம்மதிக்கவில்லை. சிலர் மாட்டை விற்றார்கள், சிலர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஆனாலும் பிள்ளையை அட்டைப் பெட்டியில் போட வேண்டாத இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. பிற்பாடு சட்டம் பேசி, ஊர்வலம் போய், முறையான காப்பகங்கள் வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பெருமை அவர்களுக்கே சேரட்டும். எங்கள் பங்கு மாட்டோடு சரி.

அப்படித் திறந்த இரண்டாவது சாளைக்குப் பழனியம்மாவே ஆளானாள். செக்கிங்கை விட்டுவிட்டு, ஒரு செவலைப் பசுவையும் இருபது பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். ராணியும் அங்கேதான்.

ஒருநாள் சாயங்காலம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கலா பள்ளிக்கூடத்திலிருந்து பையும் கையுமாக வந்தாள். ஐந்தாம் வகுப்பு. முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். புது டீச்சர் ஒவ்வொருத்தரையும் எழுப்பி உங்கம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாராம். மற்றவர்கள் எல்லாம் டெய்லர், செக்கிங், பேக்கிங் என்றார்களாம். இவள் எழுந்து, மாடு பார்க்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டது. இனிமேல் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்றாள்.

பழனியம்மா தூங்குகிற ஒரு குழந்தையை மடியிலிருந்து மெத்தைக்கு மாற்றினாள். கலாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க கண்ணு" என்றாள். "நீ பள்ளிக்கூடத்துல இருந்ததுனாலதான உன்னப் பாத்துச் சிரிச்சாங்க?"

கலா பையைத் திறந்து, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் மாட்டின் அருகே போய் உட்கார்ந்தாள். விளக்கு அங்கேதான் இருந்தது.